கிராஷ், ரைடு, ஹை-ஹாட்: சிம்பலை அடிக்கும் முறை

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கல் சாட்டுவார்கள், முளைப்பாரி எடுப்பார்கள், இரவில் மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். மேடை திறந்தவெளியில் இருக்கும். சுவரும் கூரையும் இல்லாததால் அடித்த ஒலி திரும்பி வராது. மேடையில் இருப்பவர்கள் தங்கள் ஒலியைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பெரும்பாலும் பாடுபவர் பக்கம் திரும்பியிருக்கும். டிரம் கிட்டில் ஸ்டாண்டின் மேல் நிற்கும் வட்ட உலோகத் தட்டுதான் சிம்பல். தன் சிம்பல் தனக்கே கேட்கவில்லை என்றதும் டிரம்மரின் கை தானாக ஓங்கும். கச்சேரி சீசன் முடிகிற நேரத்தில் கிராஷ், அதாவது அழுத்தம் வேண்டிய இடத்தில் ஓங்கி அடிக்கும் சிம்பலின் விளிம்பில் விரிசல் தெரிவதற்கு இதுதான் முதல் காரணம். ஓர் அளவுக்கு மேல் பலத்தைக் கூட்டினால் சிம்பலின் ஒலி கூடாது, உலோகம் தாங்க வேண்டிய அதிர்ச்சிதான் கூடும். கேட்கவில்லை என்றால் மிக்ஸரில் இருப்பவரிடம் சொல்லி ஒரு மானிட்டரை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். சிம்பல்களுக்கு மேலே ஒரு மைக் வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்த பிறகு கையைப் பற்றி யோசிக்கலாம்.

சிம்பல் எந்த உலோகம் என்று தெரிந்தால் அடியின் முறை பாதி விளங்கிவிடும். விலை கூடிய சிம்பல்கள் பெரும்பாலும் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். இதை பி20 என்பார்கள். பி8 என்பது 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். தொடக்கக் கிட்டோடு வருபவை பல பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். வெள்ளீயம் கூடினால் ஒலி செழிக்கும், முறியும் தன்மையும் சேர்ந்து வரும். பித்தளைச் சிம்பலைத் தப்பாக அடித்தால் விளிம்பு வளையும். பி20 வளையாது, விரிசல் விட்டுவிடும். அதனால் நல்ல சிம்பல் வாங்கியவர்தான் அடியில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

அடி விழுந்ததும் சிம்பல் விலகி ஆட வேண்டும், ஸ்டிக்கும் விலகிப் போய்விட வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

ஸ்டாண்டில் ஏற்றுவது

ஸ்டாண்டின் உச்சியில் கீழிருந்து மேலாக வரிசை இப்படி இருக்க வேண்டும்: உலோகக் கப் வாஷர், ஃபெல்ட் என்னும் மெத்தென்ற வட்டு, சிம்பல், இன்னொரு ஃபெல்ட், கடைசியில் கையால் திருகும் விங் நட். நடுக்கம்பியின் மேல் ஸ்லீவ் என்னும் பிளாஸ்டிக் குழாய் உறை மாட்டியிருக்க வேண்டும். கம்பியின் மரை பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், சில பழைய, இலேசான ஸ்டாண்டுகளில் 6 மில்லிமீட்டர். ஸ்லீவ் இல்லாவிட்டால் சிம்பலின் துளை மரையில் நேராக உரசும். வட்டத் துளை நாளடைவில் ஒரு பக்கம் தேய்ந்து சாவித்துவாரம் போல நீண்டுவிடும், அங்கிருந்தே விரிசலும் கிளம்பும்.

விங் நட்டை இறுக்கக் கூடாது. மேல் ஃபெல்டைத் தொட்டதும் நிறுத்தி, அரைச் சுற்று பின்னால் திருப்புங்கள். பிறகு விளிம்பை ஒரு விரலால் கீழே அழுத்தி விடுங்கள். சிம்பல் தடையில்லாமல் நாலைந்து முறை மேலும் கீழும் ஆடினால் சரி, ஒரே ஆட்டத்தில் நின்றால் இறுக்கம். மேடையில் சிம்பல் ஆடுவது அழகாக இல்லை என்று இறுக்கிவிடுபவர்கள் உண்டு. கூடவே ஒலியின் நீளத்தையும் சிம்பலின் ஆயுளையும் குறைத்துவிடுகிறார்கள்.

கிராஷை உங்கள் பக்கமாக 10 முதல் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். தட்டையாக உயரத்தில் வைத்தால் ஸ்டிக் விளிம்பின் மேல் நேராக மோதும். ரொம்பச் சாய்த்தால் துளையின் ஒரே பக்கத்தில் எடை தங்கும். உட்கார்ந்த நிலையில் தோளைத் தூக்காமல் கை எட்ட வேண்டும். பூம் என்னும் பக்கவாட்டுக் கை நீண்ட ஸ்டாண்டு என்றால் முக்காலியின் ஒரு கால் பூம் நீண்டிருக்கும் அதே திசையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வைகாசிக் காற்றில் ஸ்டாண்டோடு சாயும். திறந்தவெளி மேடையில் காலில் ஒரு சிறு மணல் மூட்டையும் வைத்துவிடுங்கள்.

வாடகைக் கிட்டில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சவுண்ட் சர்வீஸ் கிட்டுகளில் முதலில் காணாமல் போவது ஃபெல்ட்டும் ஸ்லீவும்தான். ஆறு ஃபெல்ட், நாலு ஸ்லீவ், இரண்டு 8 மில்லிமீட்டர் விங் நட், ஹை-ஹாட்டின் மேல்தட்டைக் கம்பியில் பிடித்துவைக்கும் கிளட்ச் ஒன்று, ஒரு டிரம் சாவி ஆகியவற்றை ஸ்டிக் பையிலேயே வைத்திருங்கள். ஸ்லீவ் இல்லாமல் மாட்டிக்கொண்டால் பைக் உதிரிபாகக் கடையில் 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பெட்ரோல் டியூப் வாங்கி ஒன்றரை அங்குலம் வெட்டி மாட்டலாம். நன்றாகத் தாங்கும்.

கிராஷ்

இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஸ்டிக்கின் எந்த இடம், சிம்பலின் எந்த இடம், வீச்சு எந்தத் திசை என்று மூன்றையும் தனித்தனியாகப் பழக வேண்டும்.

ஸ்டிக் மெலியத் தொடங்குகிற தோள் பகுதிதான் விளிம்பில் பட வேண்டும். முனையால் தட்டினால் ‘டிங்’ என்று மெல்லிய ஒலி வருமே தவிர சிம்பல் முழுதாக ஒலிக்காது. தோள் விளிம்பைத் தொடும் நேரத்தில் முனை சிம்பலின் மேற்பரப்புக்கு மேலே இரண்டு அங்குலம் உள்ளே இருக்கும். ஸ்டிக்குக்கும் சிம்பலின் பரப்புக்கும் நடுவே கோணம் இருக்க வேண்டும். சிம்பல் நிற்கிற அதே தளத்தில், பக்கவாட்டிலிருந்து விளிம்பை நோக்கி ஸ்டிக் வந்தால் அடியின் முழு வேகமும் மெல்லிய விளிம்பில் ஒரே புள்ளியில் நின்றுவிடும். விளிம்பில் பல் போலச் சிறு வெட்டு விழும், ஸ்டிக்கின் தோளும் சிதறும். ஒரே வாரத்தில் ஸ்டிக்கின் தோள் பிய்கிறது என்றால் ஸ்டிக்கைக் குறை சொல்லும் முன் சிம்பலின் உயரத்தைப் பாருங்கள்.

வீச்சு கீழ்நோக்கி மட்டும் போகக் கூடாது. கீழே இறங்கிக்கொண்டே பக்கவாட்டில் விலக வேண்டும். சட்டைத் தோளில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடும்போது கை எப்படித் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறதோ, அதே வீச்சு. வேகம் மணிக்கட்டிலிருந்து வரட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்டிக்கைப் பிடித்திருக்க, மற்ற மூன்று விரல்களும் தளர்ந்திருக்க வேண்டும். படுகிற நொடியில் இறுக்கிப் பிடித்தால் அதிர்ச்சி மணிக்கட்டுக்கு ஏறும், நாளடைவில் வலி நிலைத்துவிடும்.

பறையிலிருந்து கிட்டுக்கு வருகிறவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தாளக்கட்டில் அவர்களுக்குக் குறையே இருக்காது. ஆனால் சிண்டுக்குச்சி தோலின் மேல் படுத்து அறைந்து பழகிய கை, சிம்பலிலும் ஸ்டிக்கைப் படுக்கவைக்கும். ஸ்டிக் தங்குகிற அந்தக் கணத்தில் அதிர்வு செத்துப்போகும். இதற்கு ஒரு பயிற்சி: மெட்ரோனோமை 60-இல் வைத்து நாலு எண்ணிக்கைக்கு ஒரு கிராஷ் மட்டும் அடியுங்கள். அடித்ததும் ஸ்டிக் தோள் உயரத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும், அடுத்த அடி வரை ஒலி தடையில்லாமல் ஓட வேண்டும். இடது கைக்கும் இதே பயிற்சி. வலது கையில் சரியாக வந்துவிட்டால் இடதிலும் வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

கிராஷ் விழும் இடத்தில் பாஸ் டிரம்மும் கூடவே விழ வேண்டும். தனிக் கிராஷ் மேலோடு பறந்துவிடும். கீழே பாஸ் சேர்ந்தால்தான் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் ‘தொம்’ என்று உறைக்கும். கிராஷ் சின்னதாகக் கேட்கிறது என்று வருந்துபவர்களில் பாதிப் பேருக்குக் கால் தாமதமாக இறங்குவதுதான் குறை.

அடுத்தடுத்து கிராஷ் வேண்டிய இடத்தில், குத்துப்பாட்டின் கடைசிச் சரணம் போல, ஒரே சிம்பலை விடாமல் அறையாதீர்கள். ஆடிக்கொண்டிருக்கும் விளிம்பு மேலே வரும்போது ஸ்டிக் கீழே இறங்கினால் நேருக்கு நேர் மோதல்தான். 16 அங்குலம், 18 அங்குலம் என இரண்டு கிராஷ் இருந்தால் மாற்றி மாற்றி அடியுங்கள். ஒன்றுதான் உண்டென்றால் பலத்தைப் பாதியாக்குங்கள். ஒலியை உடனே நிறுத்த வேண்டிய இடத்தில் மற்றக் கையால் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் நடுவே பிடித்தால் போதும்.

ரைடு

தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டே போகும் பெரிய சிம்பல்தான் ரைடு. இதில் வேலை முனைக்குத்தான். 20 அங்குல ரைடு என்றால் விளிம்பிலிருந்து மூன்று நாலு அங்குலம் உள்ளே தட்டுங்கள். விளிம்பை நெருங்க நெருங்க இரைச்சல் திரண்டு ஒவ்வொரு தட்டும் கரைந்துபோகும். நடுவில் குமிழாக எழும்பிய பெல்லை நெருங்கினால் ஒலி வறண்டு, தட்டு மட்டும் தெளிவாக நிற்கும். மெலடிப் பாட்டுக்கு நடுப்பகுதி. பெல்லை அடிக்கும்போது மட்டும் முனையை விட்டுவிட்டு ஸ்டிக்கின் தோளைப் பயன்படுத்துங்கள், மணியோசை வரும். ரைடு ஏறக்குறைய தட்டையாக இருக்கலாம். நட் கிராஷைவிடச் சற்று நெருக்கமாக இருந்தாலும் பாதகமில்லை. ஒரு பாட்டு முழுக்க ரைடு வாசிக்கும்போது தட்டு தடுமாறினால், முனை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பென்சிலால் சிறு வட்டம் போட்டு அதற்குள்ளேயே தட்டிப் பழகலாம்.

ஹை-ஹாட்

காலால் மிதித்து மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்தான் ஹை-ஹாட். இரண்டு தட்டுக்கும் நடுவே இடைவெளி, கால் எடுத்த நிலையில், அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம். கிளட்சில் மேல்தட்டை நசுக்கிப் பூட்டாமல் கொஞ்சம் அசையும்படி விடுங்கள். கீழ்த்தட்டுக்கு அடியில் ஒரு சாய்வுத் திருகு இருக்கும். அதைத் திருகிக் கீழ்த்தட்டை இம்மியளவு சாய்த்தால்தான் மூடும்போது உள்ளே காற்று சிக்காமல் ‘சிக்’ என்று சுத்தமாக ஒலிக்கும். பலர் இந்தத் திருகைத் தொடுவதே இல்லை. ‘பொத்’ என்று அடைத்த ஒலிக்குக் காலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மேல்தட்டு, முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்முக்கு மேலே ஆறு முதல் எட்டு அங்குல உயரத்தில் இருந்தால் வலது கைக்குக் கீழே இடது கைக்கு இடம் கிடைக்கும். மெல்லிய வாசிப்புக்கு முனையால் மேற்பரப்பில், அழுத்தமான வாசிப்புக்குத் தோளால் விளிம்பில். நாலு எண்ணிக்கைக்கு எட்டுத் தட்டு வாசிக்கும்போது எண்ணிக்கையில் தோள், இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே வரும் ‘அண்டு’வில் முனை என்று மாற்றினால் தாளம் நடக்கத் தொடங்கும். எட்டையும் ஒரே பலத்தில் விளிம்பில் அடிப்பதுதான் பாடுபவரின் குரலை மூடுகிறது. மைக் வைத்த மேடையில் இந்த ஒரு திருத்தமே கச்சேரியின் ஒலியை மாற்றிவிடும்.

திறந்த ஹை-ஹாட்டுக்கு, அடி விழுவதற்கு ஒரு இமை முன்னால் கால் எழ வேண்டும். அடியோடு சேர்ந்து எழுந்தால் தொடக்கம் மூடியும் முடிவு திறந்தும் குழம்பும். அடுத்த எண்ணிக்கையில் சரியாக மூடுங்கள். முழுக்கத் திறக்கவும் தேவையில்லை, தட்டுகள் ஒன்றையொன்று உரசும் அளவு போதும்.

ஸ்பிளாஷ் என்னும் சிறு சிம்பலும், விளிம்பு மடிந்த சைனாவும் கிராஷின் வழிதான். எட்டு, பத்து அங்குல ஸ்பிளாஷை விரல் வேகத்தில் தொட்டு விட்டால் போதும். சைனாவைக் கவிழ்த்து மாட்டினால் மடிந்த விளிம்பின் திரும்புமுனையில் தோள் படும், ஓரத்தின் கூர் பக்கம் படாது.

விரிசலும் துடைப்பும்

கச்சேரி முடிந்து பையில் வைக்கும்போது விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் வெட்டு விழுந்திருக்கிறது. ஒலியில் ‘சரசர’ என்று எதுவோ உரசினால் விரிசல். சிறு விரிசலின் முடிவில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலே ஓடுவது தாமதமாகும். லேத் பட்டறையில் கொடுத்தால் டிரில்லை மெதுவாக ஓட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டே போடச் சொல்லுங்கள். சூடேறினால் உலோகத்தின் பதம் கெடும். துளை முழுப் பரிகாரம் இல்லை, பழைய ஒலி திரும்பாது.

விரல் வியர்வையின் உப்புதான் பச்சைக் கறையாக மாறுகிறது. சிம்பலை விளிம்பால் தூக்கி, முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அழுக்கு ஏறினால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மேற்பரப்பில் உள்ள வட்ட வரிகளின் போக்கிலேயே துடைத்து, கழுவி, உடனே ஈரம் போகத் துடையுங்கள். வெண்கலம்தானே என்று புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. மேலே அச்சிட்ட எழுத்து போய்விடும், நுண்ணிய வரிகளில் தங்கும் புளிப்பு மறுபடியும் பச்சையைக் கிளப்பும். தேய்க்கும் பொடியும் கம்பிநாரும் அந்த வரிகளையே அரித்துவிடும், அதோடு ஒலியும் மாறும்.