வீட்டில் தோட்டா நிரப்புவோர் கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு ஒழுங்கு

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் புதிய பிரைமரையும் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தையும் குண்டையும் பொருத்தி அதை மீண்டும் தோட்டாவாக்கும் பழக்கம், இலக்குப் பயிற்சி செய்வோரிடமும் வேட்டைக்காரர்களிடமும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், உரிய உரிமம் உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. எவ்வளவு மருந்தையும் எத்தனை பிரைமர்களையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கருவிகளை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த வேலையில் நேரும் கடுமையான விபத்துகளுக்கு அறியாமையைவிடக் கவனச்சிதறலே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. எப்போதும் கவனமாக இருப்பேன் என்று தன்மீதே நம்பிக்கை வைத்து உட்காருவது போதாது. கவனம் தவறும் நாளிலும் தவறு தானாகவே கண்ணில் படும்படி மேசையையும் வேலையின் வரிசையையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அஞ்ச வேண்டியவை இரண்டு: மருந்தே போடாமல் விட்டுவிடுவது, ஒரே கூட்டில் இருமுறை போட்டுவிடுவது. மருந்தில்லாத தோட்டாவைச் சுடும்போது பிரைமரின் விசை மட்டுமே குண்டைக் கூட்டிலிருந்து பிரித்துக் குழலுக்குள் தள்ளுகிறது. வெளியேறும் அளவுக்கு விசை இல்லாததால் குண்டு பாதி வழியில் சிக்கி நிற்கிறது. சுடுவோர் இதை ஸ்குயிப் என்று சொல்வார்கள். தோட்டா வெடிக்கவில்லை என்று எண்ணி அடுத்ததை ஏற்றிச் சுட்டால், பின்னால் வரும் குண்டு அடைத்து நிற்கும் குண்டில் மோதி, குழல் புடைக்கலாம் அல்லது பிளந்தே போகலாம். இருமடங்கு மருந்தின் விளைவு இதைவிட நேரடியானது: துப்பாக்கி தாங்கும் அழுத்தத்தை மீறிய அழுத்தம், முகத்துக்கும் விரல்களுக்கும் மிக அருகில் உருவாகிறது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இந்த ஆபத்து அதிகம். எடுத்துக்காட்டாக, .38 ஸ்பெஷல் கூடு கருமருந்தின் பெரிய கொள்ளளவுக்கு ஏற்ப உருவானது. இன்றைய புகையற்ற மருந்தில் வேகமாக எரியும் வகைகள் அதன் அடியில் சிறிதளவே இடம் பிடிப்பதால், இரண்டு அளவு விழுந்தாலும் வெளியே வழியாது, குண்டும் தடையின்றி உட்கார்ந்துவிடும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் முறை எளியது. பிரைமர் பொருத்திய கூடுகள் அனைத்தையும் துளைப்பலகையில் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒரு கூட்டை எடுத்து, நிமிர்த்தி, மருந்திட்டு, வேறொரு பலகையில் வாய் மேலாக வையுங்கள். கவிழ்ந்திருப்பது காலி, நிமிர்ந்திருப்பது நிரம்பியது என்ற இந்த ஒரே விதியை எந்த நாளும் மாற்றாதீர்கள். பலகை நிறைந்ததும், குண்டு எதையும் பொருத்துவதற்கு முன், டார்ச் விளக்கை மேலிருந்து பிடித்து ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பாருங்கள். ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அண்டையிலுள்ளவற்றோடு ஒப்பிடும்போது தெரிந்துவிடும். வாய்ப்பிருக்கும் இடத்தில், தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் மருந்துகளில் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. அப்போது இருமுறை போட்டால் மருந்து வழிந்து மேசையில் கொட்டும். அந்தத் தவறு யார் கண்ணுக்கும் தப்பாது.

இடையூறு வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானித்து வையுங்கள். தொலைபேசி ஒலித்தாலும், குழந்தை கதவைத் தட்டினாலும், நிரப்பிக்கொண்டிருந்த கூட்டிலுள்ள மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு எழுங்கள். திரும்பி வந்ததும் நினைவை நம்பித் தொடராமல் அந்தக் கூட்டைக் காலியானதாகவே கருதித் தொடங்குங்கள். ஒரு நெம்புகோல் இழுப்பில் பல வேலைகளைச் செய்து முடிக்கும் புரோகிரசிவ் பிரஸ் வேகமானதுதான். ஆனால் அதில் எங்கேனும் சிக்கல் ஏற்பட்டு நெம்புகோலைப் பாதியில் திருப்பும் நேரமே இருமுறை மருந்து விழுவதற்கான நேரமும் ஆகும். புதிதாகத் தொடங்குபவர் ஒரு முறைக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் தொடங்குவதே நல்லது.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துக் குப்பி மட்டுமே இருக்க வேண்டும். மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், பெயர்களும் குழப்பும். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் ஹெச்4350, ஐஎம்ஆர் 4350 ஆகிய இரண்டின் எண்ணும் ஒன்றே, ஆனால் இரண்டும் வெவ்வேறு மருந்துகள். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்தை அளவுக் கருவியின் கலத்தில் ஊற்றியவுடன் குப்பியை அதன் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மிச்சத்தை உடனே அதே குப்பியில் ஊற்றிவிடுங்கள். கலத்திலேயே இரவு முழுதும் விட்டுவைத்தால், மறுநாள் காலையில் அதில் இருப்பது எது என்பதற்கு உங்கள் நினைவைத் தவிர வேறு சான்று இருக்காது. பெயர் தெரியாத மருந்தை, அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், தோட்டாவில் போடவே கூடாது. கருமருந்துக்கென்று வடிவமைத்த துப்பாக்கிக்குப் புகையற்ற மருந்தை மாற்றிப் போடுவது மிகக் கொடிய தவறு.

தராசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு கிரெயின் என்னும் அலகில் சொல்லப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிரெயின் ஏறக்குறைய 64.8 மில்லிகிராம். இவ்வளவு நுண்ணிய எடையில் மின்விசிறிக் காற்றும் சாய்ந்த மேசையும் கூடப் பிழையை உண்டாக்கும். மின்னணுத் தராசில் தனியாக ஓர் ஆபத்தும் உண்டு: பொத்தானைத் தெரியாமல் அழுத்தி அலகு கிராமுக்கு மாறிவிட்டால், 5 என்று காட்டும் எடை உண்மையில் 77 கிரெயினாக இருக்கும். எடைக்கற்களைக் கொண்டு ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் தராசைச் சோதியுங்கள். நிரப்பப் போகும் எடைக்கு நெருங்கிய கல்லைச் சோதனைக்குப் பயன்படுத்துவது முக்கியம். அளவுக் கருவி தானாகவே மருந்து கொட்டினாலும், பத்துக் கூட்டுக்கு ஒரு முறையேனும் எடை போட்டுப் பாருங்கள்.

மருந்தளவு, குண்டு, பிரைமர், கூடு, தோட்டாவின் மொத்த நீளம் ஆகியவற்றை மருந்து அல்லது குண்டுத் தயாரிப்பாளர் வெளியிட்ட நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் உள்ள ஒவ்வோர் அளவும் ஒரு குறிப்பிட்ட பொருள் சேர்க்கையில் அழுத்தம் அளந்து பார்க்கப்பட்டது. சேர்க்கையில் ஒன்றை மாற்றினாலும் அந்த அளவீட்டை அப்படியே நம்ப முடியாது. கையேடு குறிக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, சிறு சிறு படிகளாகவே மேலே செல்ல வேண்டும்; தொடக்க அளவு தரப்படாத இடத்தில் உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். குறைத்தால் எப்போதும் பாதுகாப்பு என்றும் எண்ணிவிடாதீர்கள்: மெதுவாக எரியும் மருந்தைக் குறிப்பிட்டதைவிடக் குறைவாக இட்டதால் அழுத்தம் எதிர்பாராமல் பாய்ந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் சிறிய கூடுகளில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். 9 மி.மீ. தோட்டாவில் குண்டு சற்று உள்ளே தள்ளப்பட்டாலும் மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் வேகமாக ஏறும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில்) ஏற்றி இறக்கும்போதும் இப்படி நேரலாம். பிரைமர் தட்டையாதல், சேம்பரை மூடும் போல்ட் இறுகித் திறக்க மறுத்தல், கூட்டின் அடியில் பளபளப்பான அழுத்தத் தடம் தெரிதல் ஆகியவை அழுத்தம் மிஞ்சியதற்கான அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைய சுடுதலை நிறுத்திவிடுங்கள். அறிகுறி ஏதும் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து அழுத்தம் அளவோடு இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

பித்தளைக் கூடும் முடிவில்லாமல் உழைக்காது. கழுத்தில் கீறல் உள்ளவற்றையும், பிரைமர் தளர்வாக உட்காருபவற்றையும் நசுக்கி ஒதுக்குங்கள். ரைபிள் கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே வெளிறிய வளையம் தென்பட்டால், அவ்விடத்தில் உலோகம் மெலிந்து கூடு இரண்டாகப் பிரியும் நிலையில் இருக்கலாம். காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை வளைத்துக் கூர்மையாக்கி, கூட்டின் உட்சுவரில் மேலிருந்து கீழாக இழுத்துப் பார்த்தால், மெலிந்த இடத்தில் பள்ளம் விரலுக்குத் தெரியும். ஒரே வகைத் துப்பாக்கிக்கு உரியவை போலத் தோன்றும் வேறு தோட்டாக்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைப்பதும் அவசியம். .300 பிளாக்அவுட் தோட்டா, சில குண்டுகளோடு, .223 ரெமிங்டன் சேம்பரில் நுழைந்துவிடக்கூடும். அதைச் சுட்டால் துப்பாக்கி சிதறும்.

பிரைமர் அளவில் மிகச் சிறியது. ஆயினும் மேசையில் உள்ளவற்றில் அதுவே உண்மையான வெடிபொருள். புகையற்ற மருந்து திறந்த வெளியில் எரியத்தான் செய்யும். பிரைமரிலுள்ள கலவையோ அடிபட்டாலே வெடிக்கும். அதனால் பிரைமர்களைத் தயாரிப்பாளரின் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். அந்தப் பெட்டியில் ஒவ்வொரு பிரைமரும் இடைவெளியோடு அடுக்கப்பட்டிருப்பது, ஒன்று வெடித்தாலும் மற்றவை தொடர்ந்து வெடிக்காமல் தடுப்பதற்காகத்தான். கண்ணாடிக் குப்பியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால், ஒன்றின் வெடிப்பு அத்தனையையும் சேர்த்து வெடிக்கச் செய்து, குப்பியின் சில்லுகளையும் எறியும். பொருத்தும்போது மென்மையான, சீரான அழுத்தம் போதும். தடை தோன்றினால் பலத்தைக் கூட்டாமல் நிறுத்திக் காரணத்தைப் பாருங்கள். பொருத்திய பிறகு விரல் நுனியால் தடவி, பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். மேலெழுந்து நிற்கும் பிரைமர், தானியங்கித் துப்பாக்கியில் போல்ட் மூடும்போதே சுட்டுவிடலாம். வெடிக்காத பிரைமரை வெளியே தள்ளும் வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிரைமர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சேமிப்பில் பலர் செய்யும் பிழை, மருந்தை இரும்புப் பெட்டகத்துக்குள் பூட்டி வைப்பது. புகையற்ற மருந்து அடைபட்ட இடத்தில் எரியும்போதுதான் வாயு வெளியேற வழியின்றி வெடிப்பாக மாறுகிறது. இறுக மூடிய இரும்புப் பெட்டகம் நெருப்பில் சிக்கினால் வெடிகுண்டாகவே மாறிவிடும். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்எஃப்பிஏ 495 விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டுக்கு மேல் 50 பவுண்டு வரை வைப்பதாயின் ஓரங்குலப் பருமனுள்ள மரப்பெட்டியில் வைக்கச் சொல்கிறது: மரம் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடும், அழுத்தம் ஏறும்போது வழிவிட்டும் கொடுக்கும். பிரைமருக்கு அதே தொகுப்பு தரும் வரம்பு 10,000. மருந்தும் பிரைமரும் வெவ்வேறு இடங்களில், குழந்தைகள் எட்டாத, வறண்ட, குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். குப்பியைத் திறக்கும்போது அமிலம் போன்ற காரமான நெடி எழுந்தாலோ, செம்பழுப்புப் புகையோ துரு போன்ற தூளோ தெரிந்தாலோ, அந்த மருந்து கெட்டுவிட்டது. அதை நீரிலோ குப்பையிலோ போடாமல், அப்புறப்படுத்தும் முறையை உங்கள் பகுதித் தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள். சிந்திய மருந்தை வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம், மோட்டாரின் பொறி போதும் அது பற்றிக்கொள்ள. தூரிகையும் முறமுமே தகுந்தவை. இந்த மருந்து எரிவதற்கான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், போர்வையைப் போட்டு மூச்சடைத்து அணைக்க முயல்வது வீண். தீ பரவத் தொடங்கினால் வீட்டாரை அழைத்துக்கொண்டு வெளியேறுவதே முறை.

உடனே தெரியாத தீங்கு ஈயம். பிரைமர் எரிந்த எச்சத்தில் ஈயம் உண்டு, கூடுகளை உலர்ந்த தூளில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது அது தூசியாகக் காற்றில் எழும். இந்த வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், நீரில் சுத்தம் செய்யும் முறை இன்னும் நல்லது. மேசையருகே உண்பதும் குடிப்பதும் புகைப்பதும் கூடாது. முடித்ததும் சோப்பும் நீரும் கொண்டு கைகளையும் முகத்தையும் கழுவி, உடையை மாற்றிய பிறகே குழந்தைகளைத் தொடுங்கள். ஈயம் அவர்களின் வளரும் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். அடிக்கடி இவ்வேலை செய்பவர் ஆண்டுக்கொரு முறை இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நிரப்பிய தோட்டாக்களின் பெட்டியில் மருந்தின் பெயர், எடை, குண்டு, பிரைமர், மொத்த நீளம், நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். சுடும் களத்தில் வழக்கத்துக்கு மாறான மெல்லிய சத்தமோ, உதைப்புக் குறைவோ தோன்றினால், துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை வெளியேற்றி, குழலின் உள்ளே ஏதேனும் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்கும் வரை அடுத்ததை ஏற்றாதீர்கள். விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே நீட்டியபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாகத் தீப்பிடிக்கும் தோட்டா, போல்ட்டைத் திறந்த கணத்தில் வெடிக்கக்கூடும். அவ்வாறான தோட்டா ஒரே தொகுதியில் இரண்டாவது முறை தென்பட்டால், மீதியைச் சுட்டுத் தீர்க்க முயலாமல், அந்தத் தொகுதி முழுவதையும் வீட்டுக்கு எடுத்து வந்து, சுத்தியல் வடிவக் குண்டு நீக்கும் கருவியால் ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளிருக்கும் மருந்தை எடை போட்டு, தவறு எங்கே நுழைந்தது என்பதைக் கண்டறிந்த பிறகே மறுபடி மேசையில் உட்காருங்கள்.