மொடம் தரும் பதிலை வைத்து டயல்-அப் இணைப்பைச் சரிசெய்வது எப்படி

உப்புவெளியில் தெரிந்தவர் ஒருவரின் விடுதியில் பழைய கணக்கு மென்பொருள் இன்னமும் மொடம் (தொலைபேசி லைன் வழியாகக் கணினித் தரவை அனுப்பும் கருவி) வழியாகத்தான் கோப்பு அனுப்புகிறது. 'இணைப்பு தோல்வி' என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. மொடமிடமே நேராகக் கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

கேபிள் செருகுவது, டிரைவர் போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். டெர்மினலுக்கு, அதாவது மொடமுக்குக் கட்டளை தட்டிப் பதில் பார்க்கும் மென்பொருளுக்கு, விண்டோஸில் புட்டி, லினக்ஸில் மினிகொம் போதும். ஹைப்பர்டெர்மினலைத் தேடி அலையாதீர்கள். டெர்மினல் அமைப்பில் வைக்க வேண்டியது: 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். மொடம் வெளியே வைக்கும் வகையாக இருந்தால் நல்லது. உள்ளே பொருத்தும் மலிவு அட்டைகள் பாதி வேலையை டிரைவர் தலையில் கட்டிவிடும். முன்னால் விளக்கும் இருக்காது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'ரி' 20ஆவது எழுத்து, 'டி' 4ஆவது. இடைவெளியை மொடம் பொருட்படுத்தாது.

படி 1. 'ஏரி' என்று தட்டி என்டர். 'ஓகே' வரவேண்டும். 1981இல் ஹேஸ் ஸ்மார்ட்மொடத்தோடு வந்த இந்த முறையைத்தான் பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். திரை வெறுமையாகவே இருந்தால் பதிலும் எதிரொலியும் (நாம் தட்டுவது திரையில் தெரிவது) அணைக்கப்பட்டிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு 'ஏரி கியூ0 வி1 ஈ1' தட்டுங்கள். வெறும் எண் வந்தாலும் இதே மருந்துதான்: 0 என்றால் ஓகே, 3 நோ கேரியர், 4 எரர், 6 நோ டயல்டோன், 7 பிஸி.

படி 2. 'ஏரி &எஃப்' பழைய அமைப்புகளைத் துடைக்கும். யு.எஸ். ரொபோட்டிக்ஸ் மொடம் என்றால் '&எஃப்1'.

படி 3. 'ஏரி டிரி', அப்புறம் எண். கொழும்புக்கு என்றால் 011ஐயும் சேர்த்து.

விடுதியில் இங்கேதான் மாட்டிக்கொண்டது. 'நோ டயல்டோன்' என்றது மொடம். ஆனால் அதே வயரில் போனை மாட்டினால் காதில் டோன் நன்றாகவே கேட்கிறது! விடுதி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் உள்ள உள் எக்ஸ்சேஞ்ச் தரும் டோன் வெளி லைனின் டோனைப் போல இராது. நமக்கு டோன் டோன்தான். மொடமோ தான் எதிர்பார்த்த அலைவரிசை இல்லையென்றால் டயலே செய்யாது. 'எக்ஸ்3' கொடுத்தால் டோனுக்காகக் காத்திராமல் டயல் செய்யும், எதிர்முனை பிஸி என்றால் அதை மட்டும் சொல்லும்.

வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டுமென்றால் 'ஏரி எக்ஸ்3 டிரி 9,,' என்று போட்டு எண்ணைத் தொடருங்கள். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் வழக்கமாக 2 வினாடி நிற்கும். 'டி'க்குப் பின்னால் வருவதெல்லாம் எண்ணின் பகுதி என்பதால் எக்ஸ்3 அதற்கு முன்னால்தான் வரவேண்டும். '&டபிள்யூ' கொடுத்துச் சேமித்தால் போதுமே என்று தோன்றும். போதாது. பல மென்பொருள்கள் ஒவ்வொரு முறையும் முதலில் '&எஃப்' அனுப்பி அதை அழித்துவிடும். மென்பொருளின் தொடக்கக் கட்டளைப் பெட்டியிலேயே 'ஏரி &எஃப் எக்ஸ்3' என்று எழுதிவிடுங்கள்.

'நோ கேரியர்' வேறு கதை. டயல் ஆனது, மறுமுனை மொடம் கைகொடுக்கவில்லை. 'ஏரி எஸ்7=90' என்று காத்திருக்கும் வினாடிகளைக் கூட்டிப் பாருங்கள். 'ஏரி எம்1' கொடுத்து ஸ்பீக்கரைத் திறந்து கேளுங்கள். 'ஹலோ' என்று மனிதக்குரல் வந்தால் எண் பிழை. கரகரப்பு இருந்தால் சுவர் சொக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரை ஓரத்தில் உப்புக்காற்றில் செப்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும்.

துண்டிக்க: ஒரு வினாடி சும்மா இருங்கள், '+++', மறுபடி ஒரு வினாடி. என்டர் வேண்டாம். 'ஓகே' வந்ததும் 'ஏரி எச்'.

பின்சேர்க்கை: நிலாவெளியிலிருந்து ஒருவர், ஃபைபர் பெட்டியில் மொடத்தை மாட்டினால் நடுவில் அறுந்துபோகிறது என்கிறார். அங்கே குரல் துண்டு துண்டாக, தரவுப் பொட்டலங்களாகப் போகிறது, அதிவேகம் தாங்காது. வேகத்தைக் குறையுங்கள், யு.எஸ். ரொபோட்டிக்ஸில் '&என்3' வினாடிக்கு 2400 பிட்டில் நிறுத்தும். 4ஜி டொங்கிள் வைத்திருப்பவர்களும் கேட்டிருந்தார்கள்: பலவற்றில் இதே மொழிதான். 'ஏரி+சிஎஸ்கியூ' தட்டினால் சிக்னல் 0 முதல் 31 வரை வரும். 99 வந்தால் சிக்னலை அளக்க முடியவில்லை, அன்டெனாவைப் பாருங்கள்.