எலக்ட்ரிக் கிட்டாரில் அக்கூஸ்டிக் ஒலி

ஒரே கச்சேரியில் எலக்ட்ரிக், அக்கூஸ்டிக் என இரண்டு கிட்டார்களை மாற்றி மாற்றி எடுக்க அலுப்பாக இருக்கிறதா? எலக்ட்ரிக் கிட்டாரிலேயே அக்கூஸ்டிக் ஒலியை எடுக்கலாம். பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில்களைக் கழற்றிவிட்டு, பீசோ (அதிர்வை மின்சாரமாக்கும் உணரி) பதித்த சேடில்களைப் பொருத்தலாம். கிராஃப் டெக், ஃபிஷ்மேன் போன்ற நிறுவனங்கள் இவற்றை விற்கின்றன. வாங்கும் முன் தந்திகளுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகையிலேயே பழைய அளவும் புதிய அளவும் வேறு.

பலர் சறுக்குவது வயரிங்கில்தான். எலக்ட்ரிக் கிட்டாரில் வழக்கமாக இருக்கும் காந்த பிக்கப்புக்கான 250 கிலோ ஓம் வால்யூம் பொட்டில் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மின்தடை) பீசோவை நேராக இணைத்தால் அடித்தொனி வடிந்து, தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். பீசோவுக்குக் குறைந்தது ஒரு மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு கொண்ட பிரீஆம்ப் (முன்பெருக்கி) வேண்டும். பத்து மெகா ஓம் என்றால் இன்னும் நல்லது. அதை இயக்க 9 வோல்ட் பேட்டரி. ஸ்டீரியோ ஜாக் போட்டு பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையை ஜாக்கின் ரிங் முனையில் இணைத்தால், மோனோ கேபிளைச் செருகும்போது மட்டும் மின்சாரம் ஓடும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள் (நான் மறந்து தீர்த்த பேட்டரிகளுக்குக் கணக்கில்லை).

பீசோ ஒலியை வழக்கமான கிட்டார் ஆம்ப்பில் விடாதீர்கள், மங்கிவிடும். அக்கூஸ்டிக் ஆம்ப் அல்லது நேரே மிக்சர்.