மலை தாண்டிப் பேச: சேலத்தில் வீட்டிலிருந்தே இணைய ஹாம் நிலையம் அமைப்பது எப்படி

வடக்கே சேர்வராயன், நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. இவற்றுக்கு நடுவே இருக்கும் சேலத்தில் ஹேண்டி, அதாவது கையடக்க ரேடியோ, வைத்திருக்கும் எந்த ஹாமுக்கும், அதாவது லைசென்ஸ் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளருக்கும், பிரச்சினை ஒன்றுதான். 144 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட கண்பார்வைக் கோட்டில்தான் போகும், மலை குறுக்கே நின்றால் அங்கேயே முடிந்துவிடும். ஏற்காட்டில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பவர் சமவெளியில் வெகுதூரம் வரை பேசிவிடுவார். சூரமங்கலத்தில் மொட்டை மாடியில் நிற்பவருக்கு அது கிடைக்காது. வானொலியையும் இணையத்தையும் இணைக்கும் ஒரு சின்ன நிலையம், அதாவது நோடு, இதற்கு நல்ல வழி. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். உங்கள் ரேடியோவில் வரும் இரைச்சல் இனி உங்கள் அறையோடு நிற்காது, இணைந்திருக்கும் எல்லோர் வீட்டிலும் கேட்கும். நோடு அமைக்கும் வேலையில் முக்கால்வாசி அந்த இரைச்சலை வெளியே விடாமல் இருப்பதுதான்.

லைசென்ஸ் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். 12 வயது ஆகியிருந்தால் ஹாம் லைசென்ஸுக்கான ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் குறியீடு வேண்டாம், ஜெனரல் கிரேடுக்கு வேண்டும். பாஸ் செய்தபின் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பித்தால் வி.யு.3 அல்லது வி.யு.2 என்று தொடங்கும் கால்சைன், அதாவது வானொலியில் உங்கள் அடையாளப் பெயர், கிடைக்கும். ஆளில்லாமல் தானாக ஓடும் நோடு வைக்கும் எண்ணம் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவிடம் எழுத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள். அதுவரை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஓடட்டும். லைசென்ஸ் இல்லாதவர் கையில் மைக்கைக் கொடுக்க வேண்டாம், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

முதல் மாதம் ரேடியோவே வேண்டாம் என்பேன். ஹாம்களை இணையம் வழியே இணைக்கும் எக்கோலிங்க் என்ற மென்பொருளைக் கணினியிலோ போனிலோ போட்டு, லைசென்ஸ் நகலை அனுப்பிச் சரிபார்ப்பு முடித்துக்கொண்டு, சும்மா கேளுங்கள். 9999 என்ற எக்கோடெஸ்ட் நோடுக்கு இணைந்து பேசினால் உங்கள் குரலையே பதிவு செய்து திருப்பிப் போடும். மைக் அளவைச் சரிசெய்ய அதைவிட நல்ல வழி இல்லை. இந்த ஒரு மாதத்தில் யார் எப்படிப் பேசுகிறார்கள், எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்பது காதில் ஏறிவிடும், அது பின்னால் ரொம்ப உதவும்.

அடுத்து இணைய இணைப்பு. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எக்கோலிங்க்குக்கு யு.டி.பி. 5198, 5199 ஆகிய போர்ட்டுகளை (இணையத் தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாசல்களை) ரவுட்டரில் உங்கள் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும், வெளியே போக டி.சி.பி. 5200 திறந்திருக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் யாரும் உள்ளே வர முடியவில்லையா? ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், உங்களோடு இன்னும் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம், போர்ட் திறந்து பயனில்லை. இணைய நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேளுங்கள், மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கலாம். இல்லையென்றால் எக்கோலிங்க் பிராக்ஸி, அதாவது இடையில் நிற்கும் இன்னொரு கணினி, வழியாகப் போகலாம், ஒரு பிராக்ஸியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். ஆல்ஸ்டார்லிங்க் என்ற இன்னொரு இணைப்பு முறை என்றால் யு.டி.பி. 4569 ஒன்று போதும், நீங்களாக வெளியே இணைவதற்குப் பகிர்ந்த முகவரியும் தடையில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? விண்டோஸ் கணினி சும்மா கிடக்கிறதென்றால் எக்கோலிங்க்கின் சிசாப் முறை, அதாவது ரேடியோவைக் கணினியோடு சேர்த்து நோடாக்கும் முறை, எளிது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் நாள் முழுக்க ஓட்ட நினைத்தால் ஆல்ஸ்டார்லிங்க்தான் என் தேர்வு, குரல் தெளிவு அதில் ஒரு படி மேல். டிஜிட்டல் ஹேண்டி வைத்திருப்பவர் எம்.எம்.டி.வி.எம். ஹாட்ஸ்பாட், அதாவது அந்த ஹேண்டியை இணையத்தோடு இணைக்கும் சின்னப் பெட்டி, வாங்கிவிட்டால் வேலை சுலபம். அது 10 மில்லிவாட் அளவில்தான் ஒலிபரப்பும், வீட்டுக்குள் தாராளமாகப் போதும். டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் முறைக்கான இந்தியப் பயனர் எண்கள் 404 என்று தொடங்கும், கால்சைன் வந்ததும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது ரேடியோ. பின்பக்கம் ஆறு முனை டேட்டா சாக்கெட் உள்ள பழைய மொபைல் செட், அதாவது வண்டியில் பொருத்தும் ரேடியோ, கிடைத்தால் விடாதீர்கள். அதில் 3ஆம் முனை பி.டி.டி. (ஒலிபரப்பைத் தொடங்கும் பொத்தான்), 6ஆம் முனை ஸ்குவெல்ச் (சிக்னல் வரும்போது மட்டும் ஒலியைத் திறக்கும் கதவு). யாராவது பேசும்போது இந்த 6ஆம் முனை கணினிக்குச் சொல்லிவிடும், அதனால் சத்தத்தை வைத்து ஊகிக்கும் வாக்ஸ் முறை தேவையில்லை. வாக்ஸில் முதல் சொல்லின் பாதி வெட்டுப்படும், கால்சைனின் முதல் எழுத்தே காணாமல் போகும். நடுவில் சி.எம்.108 சில்லு உள்ள யு.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒன்று, அவ்வளவுதான் இணைப்பு. மலிவான ஹேண்டியை லிங்க் ரேடியோவாக வைக்கலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு நெட், அதாவது ஹாம்கள் கூடிப் பேசும் வானொலிச் சந்திப்பு, முக்கால் மணி நேரம் நடந்தால் எதிர்முனையில் யார் பேசினாலும் உங்கள் ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. சேலத்து மே மாத வெயிலில் ஹேண்டி அதைத் தாங்காது. மொபைல் செட்டையே மிகக் குறைந்த பவரில் வைத்து, பின்னால் ஒரு சின்ன ஃபேனையும் மாட்டுங்கள்.

அலைவரிசை: இந்தியாவில் நமக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும் உண்டு. 145.800க்கு மேல் செயற்கைக்கோள்களுக்கான இடம், 435க்கு மேலும் அப்படித்தான், அங்கே நோடு வைக்கவே கூடாது. வைப்பதற்கு முன் நினைத்த அலைவரிசையைச் சில நாட்கள் காலையும் மாலையும் கேட்டு, ஊரில் உள்ள மற்ற ஹாம்களிடமும் சொல்லிவிடுங்கள்.

பிறகு சி.டி.சி.எஸ்.எஸ். டோன், அதாவது பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள ஒலி. இதைப் போடாமல் நோடை இணையத்தில் இணைக்காதீர்கள், தயவுசெய்து. பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கோ மோட்டாரோ கிளப்பும் இரைச்சலில் ஸ்குவெல்ச் திறந்துகொண்டால், அந்த ‘ஸ்ஸ்ஸ்’ மொத்தமும் இணைந்திருக்கும் எல்லோருக்கும் போகும், அவர்கள் உங்களை வெளியே தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நோடு ரேடியோ டோனைக் கேட்டால் மட்டும் திறக்கட்டும், உங்கள் ஹேண்டி அந்த டோனை அனுப்பட்டும். கூடவே ஒரே தடவையில் ஒலிபரப்பும் நேர வரம்பையும் மூன்று நிமிடத்தில் வையுங்கள். ஹேண்டி பி.டி.டி. எங்காவது அழுந்திக் கிடந்தால் அது காப்பாற்றும்.

ஆன்டெனாவை மேசை மேலேயே வைத்தால் ரேடியோ அலை யு.எஸ்.பி. கேபிளுக்குள் புகுந்து, கணினி திணறி, பி.டி.டி. விடாமல் பிடித்துக்கொள்ளும். மாடிக்குக் கொண்டுபோங்கள், கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். ஏப்ரல், மே மாதக் கோடை இடியும் ஐப்பசி மழையும் வரும்போது ஆன்டெனா கேபிளைக் கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே விடுவது ஒன்றுதான் நம்பிக்கையான பாதுகாப்பு. ஏற்காட்டுக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம், உயரத்தில் இருக்கும் கம்பத்தைத்தான் மின்னல் முதலில் தேடும். கரண்ட் போய்ப் போய் வந்தால் ராஸ்பெரி பையின் மெமரி கார்டு கெட்டுவிடும், அதனால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் வழியாக 5 வோல்ட் கொடுங்கள். கார்டின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பேசும் முறைக்கு வருவோம். பி.டி.டி. அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள், வழியில் உள்ள எல்லா நோடுகளும் திறக்க அந்த நேரம் வேண்டும். ஒருவர் முடித்ததும் இரண்டு மூன்று நொடி விடுங்கள், இணைய வேண்டியவர் அதில்தான் இணைவார், அவசரம் உள்ளவரும் அதில்தான் குறுக்கிடுவார். எக்கோலிங்க்கில் ஹேண்டியின் எண்பலகையில் நோடு எண்ணை அழுத்தினால் இணைப்பு, # அழுத்தினால் துண்டிப்பு. ஆல்ஸ்டார்லிங்க்கில் *3 போட்டு எண், துண்டிக்க *1 போட்டு எண். வேலை முடிந்ததும் துண்டியுங்கள், இரவு முழுக்க வேறொருவர் ரிப்பீட்டரை, அதாவது வரும் பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையத்தை, பிடித்துவைத்திருப்பது அநாகரிகம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் நோடுக்கே இணையுங்கள், ஃபேர்லேண்ட்ஸிலோ அம்மாபேட்டையிலோ இருக்கும் நண்பரை ஹேண்டியில் பேசச் சொல்லிக் கேளுங்கள். குரல் கரகரத்தால் சவுண்டு கார்டின் உள்வரும் அளவைக் குறையுங்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் கூட்டுங்கள். பக்கத்து ரிப்பீட்டரில் நேரடியாகக் கேட்கும் அளவும் போனில் வரும் அளவும் ஒன்றாகும் வரை திருப்பிக்கொண்டே இருங்கள். அதன்பிறகு நோடு எண்ணை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம்.