சிலுவைக் கல்லை அடியிலிருந்து பாருங்கள்

இங்கிலாந்துக் கிராமத்தில் பழைய கல் சிலுவையைப் பார்க்கப் போனால் எடுத்தவுடன் அண்ணாந்து பார்க்காதீர்கள். குனியுங்கள். உச்சியில் இருப்பது பெரும்பாலும் பிற்காலத்து ஒட்டு. 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்திலேயே, உருவ வழிபாடு என்று சொல்லி உடைத்ததில் பல சிலுவைகளுக்குத் தலை போய்விட்டது. 1643இல் நாடாளுமன்றம் தேவாலய முற்றத்துச் சிலுவைகளையும் அகற்றச் சொல்லிவிட்டது. பல ஊர்களில் மிஞ்சியது படி, பீடக்கல், முழ உயரத் தண்டு. சில மொட்டைத் தண்டுகளின் மேல் பிறகு சூரியக் கடிகாரத்தை உட்காரவைத்தார்கள்.

முதலில் படியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று. விழுந்திருந்தால் பழைய படியாக இருக்கலாம். அதற்கு மேலே பீடக்கல். அதில் குழி குடைந்து, தண்டை இறக்கி, ஈயத்தை உருக்கி ஊற்றி நிறுத்துவது வழக்கம். குழியின் விளிம்பில் மங்கிய சாம்பல் கோடு தெரிந்தால் அநேகமாக அது ஈயம்தான். தண்டு அடியில் சதுரமாகத் தொடங்கி, ஒரு சாண் மேலே மூலைகள் சீவப்பட்டு எட்டுப்பட்டையாக மாறினால் 14, 15ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்கலாம். 'லாம்'தான். 19ஆம் நூற்றாண்டு விக்டோரியா காலத்துக் கொத்தர்களும் அதே பாணியில் செதுக்கினார்கள்.

நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு ஊரில் ஒரு மணி நேரம் படமெடுத்துவிட்டுப் பின்பக்கம் போனால், 1914–1918 என்று போட்டுப் போரில் இறந்தவர்களின் பெயர் வரிசை! ஆகவே நாலு பக்கமும் சுற்றிவிட்டுப் பிறகு கேமராவைத் திறங்கள். சில இடங்களில் பழைய படியின் மேலேயே போர் நினைவுச் சிலுவையை நட்டிருப்பார்கள் என்பதால் அடியையும் உச்சியையும் தனித்தனியாகவே எடைபோடுங்கள்.

தலையோடு ஒன்றைப் பார்க்க ஆசையா? தென்மேற்கு இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் நகருக்குக் கிழக்கே சில மைல் தள்ளி ஆம்ப்னி குரூசிஸ் என்ற கிராமம். அங்குள்ள தேவாலய முற்றத்துச் சிலுவை 1415 வாக்கில் செய்தது என்பார்கள். அதன் தலையைத் தேவாலயச் சுவருக்குள் வைத்து மூடியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் கண்டெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். மழையும் உளியும் படாமல் கிடந்ததால் மாடங்களில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு, குழந்தையோடு மரியா, கவசமணிந்த வீரன் எல்லாம் இன்னும் அடையாளம் தெரிகிறார்கள்.

நண்பகலில் போகாதீர்கள், நேர் வெயிலில் செதுக்கல் தட்டையாகிவிடும். சாயங்காலச் சாய்வெயில் நல்லது. மேகமூட்டமென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், அழிந்த ஆடை மடிப்புகூட எழுந்து வரும். பாசியைச் சுரண்டவே கூடாது. அதோடு கல்லின் தோலும் உரிந்துவிடும். போதாததற்கு, இவற்றில் பல சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.