வீடியோ மாற்றும்போது அணைந்துபோன லேப்டாப்: என் அனுபவம்

வீட்டு மீடியா சர்வராக, அதாவது வீடியோக்களைச் சேர்த்து வைத்து டிவிக்கு அனுப்பும் கணினியாக, ஒரு பழைய லேப்டாப்பை வைத்திருக்கிறேன். டிவியில் ஓடாத வீடியோக்களை எம்பி4 ஆக மாற்ற, இரவில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை ஓடவிட்டுத் தூங்குவேன். காலையில் பார்த்தால் லேப்டாப் அணைந்து கிடக்கும். ஒரு நாள் கூடவே உட்கார்ந்து கவனித்தேன். பத்தே நிமிடத்தில் சிபியு 97 டிகிரியைத் தொட்டது. கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியவில்லை.

அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்குக்கும் நடுவே தூசு, கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. அதை எடுத்ததும் சூடு கொஞ்சம் குறைந்தது, ஆனால் போதவில்லை. அப்புறம் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை), சிபியு தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ பூஸ்டை அணைத்தேன். வேகம் குறைந்தது, சூடும் 78-ஐத் தாண்டவில்லை. இரவு முழுக்க ஓடும் வேலைக்கு அவசரம் எதற்கு?

பெரிய விடுதலை வேறு இடத்தில் கிடைத்தது. கோப்பின் உள்விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால், பாதிக்கு மேல் கோப்புகளில் ஏற்கெனவே டிவி ஏற்கும் எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும்தான். டிவி ஏற்காதது, அவற்றைச் சுற்றியிருந்த எம்கேவி என்ற உறையை (கோப்பு வடிவம்) மட்டும்தான்! எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவழி மென்பொருளில் வீடியோ, ஆடியோ இரண்டுக்கும் 'காப்பி' என்று கொடுத்தேன். மறுபடி என்கோட் செய்யாமல் (புதிதாகச் சுருக்காமல்) அப்படியே எம்பி4-க்குள் போய்விட்டது. தரம் துளியும் குறையவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை. ப்ளூ-ரே படங்களில் வரும் பிஜிஎஸ் என்ற பட வடிவ சப்டைட்டில் எம்பி4-க்குள் போகாது. அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.