புளிப்புக்குக் கிரான்பெரி, வாசத்துக்கு மேப்பிள்

கனடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் மேப்பிள் பாணி இல்லாமல் இருப்பதில்லை. இலை வடிவப் போத்தலில் ஒன்று, தகரப் பேணியில் ஒன்று என்று வெள்ளவத்தையில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் அது திறக்கப்படாமலே கிடக்கிறது. ஒருநாள் அப்பத்துக்கு ஊற்றிப் பார்த்துவிட்டு, “எங்கள் கித்துள் பாணி மாதிரி வராது” என்று மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம். மேப்பிளைத் தனியே ஊற்றிச் சுவைப்பதோடு நிறுத்தாமல் புளிப்போடு சேர்த்துப் பாருங்கள். அதன் வாசம் அப்போதுதான் எழும்பும். அதற்குக் கிரான்பெரியை விடப் பொருத்தமான பழம் இல்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளஞ்சூடும் மாறிமாறி வரும் சில கிழமைகளில்தான் மேப்பிள் மரத்தில் துளையிட்டு நீர் இறக்குகிறார்கள். அந்த நீரில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான். 40 லீற்றர் அளவு காய்ச்சினால்தான் 1 லீற்றர் பாணி கிடைக்கும். உலகத்து மேப்பிள் பாணியில் பெரும்பங்கு கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சியதை மறுபடி அரைமணி நேரம் அடுப்பில் கொதிக்க வைத்தால் வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். ஆகவே, கட்டியாக்கும் வேலையைப் பழத்துக்கும் சீனிக்கும் கொடுங்கள். மேப்பிள் கடைசியில் வரட்டும். கீழே நான் சொல்லும் முறைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

போத்தலின் முகப்பை ஒருமுறை வாசித்துவிடுங்கள். ‘பான்கேக் சிரப்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் சோளப்பாகில் வாசனை கலந்தது. இந்த வேலைக்கு உதவாது. மேப்பிள் பாணி மட்டுமே உள்ள போத்தலில் அதன் நிறத் தரம் எழுதியிருக்கும். பொன்னிறமானது மெல்லிய சுவை, தயிரில் ஊற்றி உண்ணலாம். சமையலுக்குக் கருநிறத் தரத்தையே கேட்டு வாங்குங்கள். புளிப்புக்கும் கறுவாவுக்கும் நடுவில் அதுதான் ஈடுகொடுத்து நிற்கும்.

பழத்துக்கு வருவோம். கொழும்பில் எளிதாகக் கிடைப்பது உலர்ந்த கிரான்பெரி. அதில் ஜெலி செய்ய முடியாது. சாறு போய், சீனிப்பாகு ஏறி, ஒட்டாமல் இருக்க எண்ணெயும் பூசி வருகிறது. ஜெலிக்கும் சோஸுக்கும் உறைபதனம் செய்த முழுப்பழம் வேண்டும். பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளின் குளிர்ப்பெட்டிகளில் சில வேளைகளில் இருக்கும். கண்டால் இரண்டு பை எடுத்து வீட்டுப் பிரீஸரில் வைத்துவிடுங்கள். பச்சைப் பழத்தைக் கனடாவிலிருந்து பெட்டியில் கொண்டுவரச் சொல்லாதீர்கள், தாவரத் தடுப்புக் காப்பு விதிகளில் சிக்கிக்கொள்வார்கள்.

ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் நான்கு காற்றறைகள் இருக்கும், ஓரங்களில் கடுகை விடச் சற்றுப் பெரிய விதைகள். அந்தக் காற்றினால்தான் பழம் நீரில் மிதக்கிறது. வயலில் நீரைத் தேக்கி, பழத்தை உதிர்த்து, மிதப்பதை ஒதுக்கி அள்ளுகிறார்கள். அடுப்பில் அது ‘டப், டப்’ என்று வெடிப்பதும் அதனால்தான். தோலிலும் சதையிலும் பெக்டினும் (பழச்சாற்றை ஜெலியாகக் கட்டவைக்கும் இயற்கைப் பொருள்) புளிப்பும் தாராளமாக இருப்பதால் இதைக் கட்டியாக்கச் சீனியைத் தவிர வெளியிலிருந்து எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

முதலில் சோஸ், எளிதானது. 340 கிராம் கிரான்பெரி, 150 மில்லிலீற்றர் தண்ணீர், 100 கிராம் சீனி, ஒரு தோடம்பழத்தின் சாறு, விரல் நீளக் கறுவாத் துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, 120 மில்லிலீற்றர் மேப்பிள் பாணி. பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமலாக இருக்கட்டும். அலுமினியத் தாச்சியில் இந்தப் புளிப்பு உலோகத்தைத் தின்றுவிடும், சுவையும் கெடும். தண்ணீர், சீனி, கறுவா, சாறு, உப்பு ஆகியவற்றைக் கொதிக்க விட்டு, பிரீஸரிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே போடுங்கள், உருகவிட வேண்டாம். மத்திம நெருப்பில் 10 நிமிடத்தளவில் பெரும்பாலான பழங்கள் வெடித்துவிடும். அப்போது மேப்பிளை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பார்க்கத் தண்ணியாகத்தான் இருக்கும். பதறி மேலும் காய்ச்சக் கூடாது. ஆற ஆறத் தானாக இறுகும். நீண்ட நேரம் கொதித்தால் பெக்டின் சிதைந்து, இறுகும் சக்தியே குறைந்துவிடும். எங்கள் ஊர்ப் பச்சைத்தோல் தோடம்பழத்தின் தோலைச் சீவிப் போடுவதை நான் விரும்புவதில்லை, கசப்பு மேலோங்குகிறது. சாறு போதும்.

ஜெலிக்குப் பொறுமை வேண்டும். அதை இரண்டு நாள் வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். 680 கிராம் பழத்தை 750 மில்லிலீற்றர் தண்ணீரில் மெல்லிய நெருப்பில் 20 நிமிடம் வேகவிட்டு, மரக்கரண்டியால் மசித்துவிடுங்கள். பழைய வேட்டித் துணியைக் கொதிநீரில் அலசிப் பிழிந்து வடிதட்டில் விரித்து, அதில் ஊற்றி, நான்கு முனையையும் கட்டி இரவு முழுவதும் சொட்டவிடுங்கள். கீழே ஏந்தும் பாத்திரத்தை மூடிவையுங்கள், கொழும்பில் எறும்புக்கு அழைப்பிதழ் தேவையில்லை. வெளிப் புழுக்கத்தில் விடாமல் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. துணியைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் இன்னும் கால் கோப்பை சாறு வரும்தான், ஆனால் ஜெலி கலங்கிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் மாணிக்கக்கல் போலத் தெரிவதுதான் இந்த ஜெலியின் முழு அழகு; அதைக் கால் கோப்பைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

மறுநாள் சாற்றை அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு 250 மில்லிலீற்றருக்கும் 160 கிராம் சீனி, 60 மில்லிலீற்றர் மேப்பிள். அகன்ற பாத்திரத்தில், ஒரு தடவைக்கு ஒரு லீற்றருக்கு மேற்படாமல் செய்யுங்கள். சாறும் சீனியும் கரைந்த பிறகு நெருப்பைக் கூட்டி வேகமாகக் கொதிக்கவிடுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். பட்டர் ஒரு சிறு துளி போட்டால் நுரை அடங்கும்.

வெப்பமானி இருந்தால் 105 பாகை செல்சியஸ் வரும்வரை காத்திருங்கள். இது கொழும்புக் கணக்கு. நுவரெலியாவில் இருக்கும் என் மச்சாளுக்கு இந்த எண்ணைச் சொன்னால் அவர் ஜெலியைப் பாறையாக்கிவிடுவார். அந்த உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 94 பாகையில் கொதித்துவிடுகிறது. அவருக்கு 98, 99 போதும். உங்கள் இடத்துத் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் 4 அல்லது 5 பாகை என்பதுதான் சரியான விதி.

வெப்பமானி இருந்தாலும் கண்ணாலும் பாருங்கள். முதலில், அகப்பையைத் தோய்த்துப் பக்கவாட்டாகச் சரியுங்கள். தொடக்கத்தில் துளித் துளியாகச் சொட்டும். பதம் நெருங்கும்போது விளிம்பில் இரண்டு துளிகள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து, தயங்கி, ஒரு தகடாக விழும். உடனே நெருப்பைக் குறையுங்கள். பிரீஸரில் முன்பே வைத்த சிறு பீங்கான் தட்டை எடுத்து அதில் ஒரு கரண்டி விட்டு, ஒரு நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்து, விரலால் தள்ளுங்கள். மேற்புறம் சுருங்க வேண்டும். விரல் போன வழி மீண்டும் மூடிக்கொள்ளக் கூடாது. மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும்.

பதம் வந்த பிறகு மேப்பிளை ஊற்றுங்கள். ஜெலி இளகிவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேப்பிள் பாணியை இறக்கும் பதமும் ஏறக்குறைய 104 பாகைதான், அதில் சர்க்கரை 66, 67 சதவீதம். ஜெலி கட்டுவதற்கு வேண்டிய சர்க்கரையும் 65 சதவீதத்தளவில். ஒரே செறிவுள்ள இரண்டைச் சேர்ப்பதால் சர்க்கரை குறையாது. பெக்டினும் புளிப்பும் மட்டும் சற்றே பரவும், கிரான்பெரி அதைத் தாங்கும். ஒரு கொதி விட்டு, தட்டில் மறுபடி பார்த்து இறக்குங்கள்.

மேப்பிளை மட்டும் வைத்து ஜெலி செய்ய முடியுமா? முடியும், ஆனால் அதில் பெக்டினும் இல்லை, சொல்லத்தக்க புளிப்பும் இல்லை. எவ்வளவு காய்ச்சினாலும் அது மிட்டாய்ப் பதத்துக்குப் போகுமே தவிர ஜெலியாகாது. இதற்கு நோன்புகாலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடற்பாசிதான் (அகர் அகர்) வழி. ஜெலட்டின் கொழும்பு வெயிலில் மேசையிலேயே கசிந்து வழியும். கடற்பாசி 85 பாகை வரை உருகாது. 4 கிராம் கடற்பாசியை, இழையானால் அரைமணி ஊறவைத்து, 250 மில்லிலீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரையும்வரை கொதிக்க விடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் 250 மில்லிலீற்றர் மேப்பிளை ஆவி வரும்வரை சூடாக்கி அதில் கலந்து, இறக்கியபின் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். புளியோடு சேர்த்துக் கொதித்தால் கடற்பாசி வலுவிழக்கும், ஆகவே புளி கடைசியில்தான். குளிர்ந்ததும் துண்டுகளாக வெட்டலாம். இதில் சீனிச் செறிவு குறைவு என்பதால் போத்தலில் அடைத்து வெளியே வைக்கும் பொருள் இது அல்ல. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

உறைந்த கிரான்பெரி அகப்படாத மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. லொவிப்பழம் இருக்கிறதே! அதே சிவப்பு, அதே வாயைக் கூசவைக்கும் புளிப்பு, இலங்கையில் ஜாமுக்கும் ஜெலிக்கும் பழகிய பழம். நன்றாகப் பழுத்ததோடு அரைப்பழுத்ததையும் கலந்து எடுங்கள், பெக்டின் கூடும். பழம் மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, மேலே சொன்னபடியே வடித்து, அதே அளவுச் சீனியில் காய்ச்சுங்கள். மேப்பிளும் சேரும், ஆனால் இதற்கு நான் கித்துள் பாணிதான் ஊற்றுவேன். கித்துளின் புகைவாசம் பலமானது. 250 மில்லிலீற்றர் சாற்றுக்கு 30 மில்லிலீற்றருக்கு மேல் போனால் பழம் மறைந்துவிடும். சீனிப்பாகு கலந்த கித்துள் பாணி சந்தையில் தாராளம், நம்பிக்கையான கையிலிருந்து வாங்குங்கள்.

அலுமாரியில் இருக்கும் உலர்ந்த கிரான்பெரியையும் வீணாக்க வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்து மிதக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு, இஞ்சி, மிளகாய் வெட்டுத்தூள், வினாகிரி சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி மேப்பிள் ஊற்றினால் ரோல்ஸுக்கும் கட்லட்டுக்கும் அருமையான சட்னி.

போத்தல்களை 10 நிமிடம் கொதிநீரில் வைத்து, சூட்டோடு எடுத்து, சூடான ஜெலியை விளிம்புக்குக் கால் அங்குலம் கீழே வரை நிரப்பி, விளிம்பைத் துடைத்து, புது மூடி போடுங்கள். குளிர்ந்த போத்தலில் கொதிக்கும் ஜெலியை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். நீண்டநாள் வைப்பதானால் மூடிய போத்தலை மறுபடி 10 நிமிடம் நீரில் மூழ்கவைத்துக் கொதிக்க வைக்க வேண்டும். சோஸை அப்படி வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் 10 நாள்வரை வைத்து உண்ணுங்கள். மிஞ்சினால் பிரீஸருக்குப் போகட்டும். பூஞ்சணம் கண்டால் மேலே சுரண்டிவிட்டு உண்ணும் பழக்கம் வேண்டாம், முழுப் போத்தலும் குப்பைக்குத்தான். வீட்டில் குருதி உறையாமலிருக்க வாபரின் எடுக்கும் பெரியவர்கள் இருந்தால், கிரான்பெரியை வழக்கமாகக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒக்டோபர் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, கனடாவின் நன்றி நவிலல் நாளில், ஸ்காபரோவில் என் பெறாமகள் வீட்டில் வான்கோழியோடு இந்த சோஸ் வைக்கிறார்கள். இங்கே கோழி ரோஸ்டுக்கும் அதே பொருத்தம். எருமைத் தயிரில் ஒரு கரண்டி சோஸ், அதன்மேல் சில துளி மேப்பிள், அது என் விருப்பம். நத்தாருக்குப் போத்தலாகக் கொடுக்க எண்ணினால் குறைந்தது மூன்று நாள் முன்பே செய்துவிடுங்கள். ஜெலி முற்றாகக் கட்ட ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் எடுக்கும். அன்றே முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனால் குலுங்கலில் கட்டு உடைந்து, பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் சேராது.